இரண்டு தட்டு

ரூவியில் எங்கள் கட்டடத்துக்குப் பின்னால்
ஏசிகள் தண்ணீர் சொட்டும் சந்தில் நிற்கிறது.
எழுபத்தெட்டாம் வருடத்து டாட்சன்.
பழுக்கத் தொடங்கிய எலுமிச்சையின் நிறம் என்று
முல்கியாவில் எழுத இடமில்லை.
மஞ்சள் என்று போட்டிருக்கிறார்கள்.

பின்டோ கோவாவுக்கே திரும்பியபோது
இருநூற்று நாற்பது ரியாலுக்கு விற்றுவிட்டுப் போனார்.
சோக்கைப் பாதிக்கு மேல் இழுக்காதே என்றது மட்டும் இலவசம்.
எனக்கு லைசென்ஸ் கிடைத்துப் பதினோரு நாள்,
அதுவும் நான்காவது முயற்சியில்.

மே வந்தால் பெட்ரோல் குழாயிலேயே ஆவியாகிவிடும்.
ஒன்பதாம் வகுப்புக்குக் கொதிநிலை நடத்திவிட்டு வந்து
ஹம்ரியா ரவுண்டபௌட்டில்,
அத்தனை ஹார்ன்களுக்கு நடுவே,
அதே பாடத்தை நான் படிப்பேன்.
பம்ப்பின் மேல் ஈரத்துணி,
காய்ச்சல்காரர் நெற்றியில் போடுவதுபோல.
நூல் சேலைக் கிழிசல்தான் சரி.
பாலியெஸ்டர் தண்ணீர் பிடிக்காது.
எத்தனை சேலை அப்படிப் போயிற்று என்று
அருளப்பனுக்கு இன்றுவரை தெரியாது.

வாதி கபீரில் லியாகத்தின் பட்டறை.
பானெட்டைத் திறந்ததும் முதலில் ஒரு பெருமூச்சு,
பிறகுதான் ஸ்பேனர்.
ஒரு டாக்சிக்காரர் கைவிட்ட வண்டியிலிருந்து கார்புரேட்டர்.
பர்காவில், பேரீச்சைத் தோட்டத்து ஓரத்தில்,
ஆடுகள் ஏறி நின்று பழகிய ஒன்றிலிருந்து இடது கதவு.
கதவு வெள்ளை.
அப்படியே இருக்கட்டும், பெயிண்டுக்கு அடுத்த மாதம் என்றேன்.
ஆறு வருடம் ஆயிற்று அந்த அடுத்த மாதம் வர.

கோனு வந்த ஜூனில் வாதி சந்துக்குள்ளேயே வந்தது.
மூன்றாம் மாடி ஜன்னலிலிருந்து பார்த்தேன்.
அது எழுந்தது. மெல்லத் திரும்பியது.
எதிர் லாண்டரியின் ஷட்டரில் மூக்கை வைத்து,
சட்டை வாங்க வந்ததுபோல் நின்றது.
தண்ணீர் வடிந்தபின் பின்சீட்டில் முழங்கை ஆழம் சேறு,
சேற்றில் நான் திருத்தாமல் விட்ட பன்னிரண்டு விடைத்தாள்கள்.
மொட்டைமாடியில் காயவைத்தேன். எதுவும் தேறவில்லை.
எல்லோருக்கும் அறுபது போட்டேன்.
டைனமோவையும் ஸ்டார்ட்டரையும் லியாகத் தன் வீட்டு ஃபேனுக்குக் கீழே
வரிசையாக வைத்திருந்தாராம்,
மனைவி இரண்டு நாள் பேசவில்லையாம்.

அக்டோபர் எங்கள் இருவருக்குமே சோதனை மாதம்.
எனக்கு ரத்தம், நெஞ்சு எக்ஸ்ரே.
அதற்குப் புகை, பிரேக்.
தேறினால் எனக்கு இரண்டு வருடம், அதற்கு ஒன்று.
போன முறை போலீஸ்காரப் பையன்
சேஸிஸ் எண்ணைக் கட்டைவிரலால் தேய்த்துத் தேய்த்துப் படித்தான்.
பிறகு கார்ப்பெட்டை விலக்கினான்.
ஐம்பது பைசா நாணயம் அளவு ஓட்டை.
அதன் வழியே ஓமானின் தார் தெரிந்தது.
இதை ஏன் வைத்திருக்கிறீர்கள் என்றான்.
என்னிடம் இருக்கும் அரபி
தக்காளிக்கும் வாடகைக்கும் போதும்.
இதற்கு எட்டவில்லை.
சதீக் என்றேன்.
நன்றாகச் சிரித்தான்.
சிரித்துக்கொண்டே ஃபெயில் என்று எழுதினான்.

மூன்று வாரம் வெல்டிங்.
அதுவரை அருளப்பனின் புது யாரிஸ் எனக்கு.
சாவியே வேண்டாம், ஒரு பட்டன்.

ஜனவரிகளில் பூனைகள் எஞ்சினுக்குள் ஏறிப் படுக்கும்.
ஒருமுறை நான் பார்க்காமல்.
அதைச் சொல்லப்போவதில்லை.
அன்றிலிருந்து, வெயிலோ குளிரோ,
பானெட்டில் இரண்டு தட்டு. பத்து எண்ணுவேன்.
ஏதாவது ஒன்று குதித்து,
கடன்காரியைப் பார்ப்பதுபோல் என்னைப் பார்த்துவிட்டு
குப்பைத்தொட்டிப் பக்கம் போகும்.

யாரிஸ் நிற்பது பூட்டிய பேஸ்மென்ட்டில்.
ஈ கூட வராது.
அங்கேயும் முதல் நாள் கை தானாகப் போய்த் தட்டியது.
வாட்ச்மேன் பார்த்துக்கொண்டிருந்தான்.
பள்ளிக்கு நேரமாகியிருந்தது.
அறுபது வயதாக எனக்கு இன்னும் ஒரு சோதனை பாக்கி.
ஏழு, எட்டு
என்று எண்ணிக்கொண்டு நின்றேன்.